அட்டைக்குப் பூசிய சோப்பும் கிடைக்காத படகும்

நீருக்கடியில் புகைப்படம் எடுக்கும் சங்கமொன்றில் நான் மூன்று வருடங்கள் உறுப்பினனாக இருந்தேன். அந்த மூன்று வருடங்களில் ஒரு தடவைகூட என் தலை கடல்நீருக்கடியில் சென்றதில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இதில் முதல் வாக்கியத்தை மட்டும் எழுதுவது என் வழக்கம். இரண்டாவதை இன்றுதான் எழுதுகிறேன்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் டிவிஷனில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் தண்ணீர் மேலிருந்து விழும், பக்கத்தில் ஓடும், மாதக்கணக்கில் காற்றில் தொங்கும். ஆள் நீந்தும் அளவுக்கு ஓரிடத்தில் நிற்பதில்லை. (நின்றால் அதற்குப் பெயர் நீர்த்தேக்கம். அதில் இறங்கக் கூடாது என்று பலகை வைத்திருப்பார்கள்.) அப்படிப்பட்டவனுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிழக்குக் கடலோரத்தில் கிடைத்தது. முதலாம் வருட முடிவில் சங்கத்தின் கண்காட்சியைப் பார்க்கப் போனேன். பவளப்பாறையின் இடுக்கிலிருந்து ஒரு சிறிய மீன், யாரோ கதவைத் தட்டியதுபோல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் படத்தின் முன் நான் நின்ற நேரத்தில், எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் பார்த்து முடித்துத் தேநீரும் குடித்துவிட்டார்கள்.

"படம் பிடிச்சிருக்கோ?" என்று கேட்டார் அதை எடுத்தவர். திருகோணமலையில், கடலுக்கு முற்றத்தைத் திறந்துவைத்த வீட்டில் வளர்ந்த டிலானி.

"கீழ இப்படித்தான் இருக்குமாங்க?"

"படத்தில பாதிதான் வரும். நீங்க வந்து பாத்தாத்தான் விளங்கும்."

அன்றே சங்கத்தில் சேர்ந்தேன். கீழே என்ன இருக்கிறது என்பதை அறியும் ஆசையில் சேர்ந்தேன் என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அதை அவர் சொல்லிக் கேட்கும் ஆசையில் சேர்ந்தேன் என்று யாராவது திருத்தினால் மறுக்க மாட்டேன்.

நீந்தப் பழகாமல் இல்லை. இடுப்பளவு நீரில் பல நாள் நின்றேன். தரையை விட்டுக் கால் எழும்ப மறுத்தது. மலையில் பிறந்த கால் அது. பிடியை விட்டால் எங்கே போய் விழ நேரும் என்று அதற்குத் தெரியும். ஆகவே சங்கம் எனக்குக் கரையில் ஒரு பதவியை உண்டாக்கியது. ஒழுங்கு விதிகளை எழுதினேன். பவளத்தில் மிதிக்கக் கூடாது. மீனைத் துரத்தக் கூடாது. முதலில் அமைதியாகக் கவனித்து, உயிர்கள் பழகிய பின்னரே படம் எடுக்க வேண்டும். போட்டிக்கு அனுப்பும் படத்தில் நீரில் வாழும் உயிரொன்று தெளிவாகத் தெரிய வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் காரணத்தையும், மீறினால் உண்டாகக்கூடிய விளைவையும் எழுதினேன். மாதாந்தப் பயணங்களில் எல்லோருடைய செருப்பையும் பார்த்துக்கொண்டேன். கடலின் மேல் மூச்சுக்குழாய்கள் மட்டும் நகர்ந்து போகும். அவற்றில் டிலானியுடையது சிவப்பு. கரைக்கு வந்ததும் அவர் சொல்லத் தொடங்குவார். சொற்கள் போதாமல் கையால் காட்டுவார். கையும் போதாமல் சிரித்துவிடுவார். நான் செருப்பை எடுத்துக் கொடுப்பேன்.

சங்கத்தில் எனக்கு முன்பே இருந்த விதி ஒன்று உண்டு. ஆண்டுப் போட்டியில் ஒரு படமாவது ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களே, இறுதி வருடத்தில் தொலைவிலுள்ள பாறைத் திட்டுக்குப் படகில் போகலாம். ஆழமான இடம், பழக்கமற்றவரைக் கொண்டுபோவது ஆபத்து. நியாயமான விதி என்று நானே கூட்டத்தில் ஆதரித்துப் பேசியிருக்கிறேன். இறுதி வருடம் வந்தபோது, ஒரு படமும் இல்லாத உறுப்பினன் நான் ஒருவன்தான். மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி முகத்தை மட்டும் நீரில் வைத்துப் பார்க்கலாம் என்று டிலானி சொல்லியிருந்தார். படகில் ஓர் இடம் கிடைத்தால் போதும். எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம்.

யோசித்தேன். அந்த வருடப் போட்டியை நன்னீரில் நடத்தினால் என்ன? எங்கள் டிவிஷனுக்கு மேலே ஓர் ஓடை பாறையிலிருந்து குதித்து, நெஞ்சளவு ஆழமுள்ள குட்டையாகக் கொஞ்சம் இளைப்பாறிவிட்டுப் போகும். அடியிலுள்ள கல் தெரியும் அளவுக்குத் தெளிந்த நீர். அங்கே என் காலும் தரையில் இருக்கும், தலையும் நீருக்குள் இருக்கும். "மலையக ஓடைகளின் உயிர்ப்பல்வகைமை குறித்த விழிப்புணர்வு" என்று நோக்கத்தை அழகாக எழுதிக் கொடுத்தேன். சங்கம் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது.

பின்விளைவுகளைச் சிந்திக்காமல் எதையும் செய்பவன் அல்லன் நான். தோட்டத் துரையிடம் அனுமதி பெற்றேன். மழை, வழுக்கல், குளிர், வளைவுகளில் பஸ்ஸில் வரும் வாந்தி, எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்தேன். அட்டைக்கும் செய்தேன். கடற்கரைப் பிள்ளைகளுக்கு அட்டை என்றாலே உயிர் போய்விடும். குட்டைக்குப் போகும் பாதையோ புல்லும் சேறுமாக அட்டைகளின் தலைநகரம். அதற்கு எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான்: துணி துவைக்கும் சோப்பை ஈரக் காலில் தடிப்பாகத் தேய்த்துக் காயவிடுவது. அட்டை அண்டாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அம்மா சோப்புக் கட்டிகளைக் கத்தியால் துண்டு போட்டு, வரிசையில் நின்றவர்களுக்குப் பிரசாதம்போலக் கொடுத்தார்.

"முட்டிக்கு மேலயும் பூசுங்க புள்ள. அட்டை ஏறி வரும். வெக்கப்படாம நல்லா பூசுங்க."

"ஐயோ அம்மா, இது என்ன, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி இருக்கே," என்றார் டிலானி.

"ஆமா புள்ள, ரெண்டு கோட்டு அடிங்க."

நடுவரையும் சேர்த்துப் பதினைந்து பேர் பூசினோம். நடுவராக வந்திருந்த விலங்கியல் விரிவுரையாளரும் (சிங்களவர், மிகவும் சாதுவான மனிதர்) காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு பூசினார். வெள்ளைக் காலுறை போட்ட பள்ளிக்கூடம்போல நாங்கள் மேலே ஏறினோம். அம்மாவும் எங்களோடு வந்தார். ஒருவரையும் அட்டை கடிக்கவில்லை. வழிநெடுக அதைச் சுட்டிக்காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டே போனேன்.

ஒரு விளைவை மட்டும் நான் சிந்திக்கவில்லை. சோப்பு தண்ணீரில் கரையும்.

விருந்தாளிகள் முதலில் இறங்கட்டும் என்று நான் நினைத்திருந்தேன். டிலானி விடவில்லை. "இது உங்கட தண்ணி, செல்வா. நீங்க முதல்ல இறங்குங்க," என்று தன்னுடைய நீச்சல் கண்ணாடியைக் கழற்றி என் தலையில் மாட்டினார். சங்கத்தின் கமராவோடு இறங்கினேன். குளிர் எலும்பைத் தொட்டது. முகத்தை நீருக்குள் வைத்தேன்.

இத்தனை வருடங்கள் கழித்தும் அதைச் சொல்ல எனக்கும் சொற்கள் போதவில்லை. வெயில் நீருக்குள் உடைந்து கற்களின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. விழும் தண்ணீரின் ஓசை வேறொரு வீட்டில் நடப்பதுபோலக் கேட்டது. ஒரு பாறையில் விரல் நீள மீனொன்று வாயை ஒட்டிக்கொண்டு நீரோட்டத்தில் வாலை மட்டும் அசைத்தபடி நின்றது. சின்ன வயதிலிருந்து நான் கல்லெறிந்த குட்டை அது. அதற்குள் இப்படி ஒரு ஊர் இருந்திருக்கிறது. கமராவை உயர்த்தினேன். மீன் படத்தின் நடுவில் இருந்தது. விரல் பொத்தானில் இருந்தது.

அழுத்தவில்லை. முதலில் அமைதியாகக் கவனிக்க வேண்டும் என்று விதி இருக்கிறதே. (எழுதியவன் நான்தான்.) மீன் என்னோடு பழகட்டும் என்று காத்திருந்தேன்.

அதற்குள் மற்றவர்கள் இறங்கினார்கள். என் காலிலிருந்து ஒரு வெண்புகை எழுந்தது. அடுத்தவர் காலிலிருந்து இன்னொன்று. முப்பது கால்கள் கரைந்தன. அருவி அதை விழுந்து விழுந்து கலக்கியது. தலையை வெளியே எடுத்தபோது, குட்டையின் மேல் ஆளுயரத்துக்கு நுரை. மலைத் தண்ணீரைப்போல நுரைக்கும் தண்ணீர் உலகத்தில் வேறெங்கும் இல்லை என்பதை அன்று அறிந்தோம். விரிவுரையாளர் தாடியோடு நுரையிலிருந்து வெளிப்பட்டார். காலையில் அவருக்குத் தாடி இருக்கவில்லை.

"மே மொகத, மல்லி?" என்றார். இது என்ன தம்பி என்று கேட்கிறார்.

"அட்டைக்கு, சேர்," என்றேன்.

மீனைத் தேடி மறுபடியும் முகத்தை உள்ளே வைத்தேன். எங்கும் வெள்ளை. பதற்றத்தில் என் விரல் பொத்தானை அழுத்தியது. அந்தச் சமயத்தில் வெள்ளைக்குள்ளிருந்து, கண்ணாடியில்லாமல், கண்களைத் திறந்தபடி ஒரு முகம் சிரித்துக்கொண்டே வந்து போனது.

இதற்கிடையில் நுரை கீழே பயணமாகியிருந்தது. கீழ் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு அந்த ஓடைதான் ஆதாரம். மாரியாயி அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டார். வாளிக்குள் தண்ணீர் இருப்பதற்கான அறிகுறி இல்லை.

"யாரு இங்க லோண்டரி கட தொறந்தது?"

"எம் மகன் போட்டோ எடுக்குறான்க்கா," என்றார் அம்மா.

"போட்டோ புடிக்க எதுக்குடி சோப்பு?"

"அட்டைக்குக்கா."

"அப்ப அட்டையதான் போட்டோ புடிக்கிறானா?"

அம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாறையில் உட்கார்ந்துவிட்டார். மாரியாயி அக்காவின் முகம் மட்டும் இளகவில்லை. "பீலிக்கு மேல சோப்பு போடாதீங்கன்னு போன லீவுல கோயில்ல கூட்டம் போட்டது யாரு தம்பி? ரெண்டு மணிநேரம் பேசுனீங்களே."

நான்தான். படங்களுடன் விளக்கியிருந்தேன்.

அன்று பிற்பகல் நாங்கள் பதினைந்து பேரும் பக்கத்து டிவிஷன் பீலியிலிருந்து தண்ணீர் சுமந்து லயம் லயமாக ஊற்றினோம். மாலைக்குள் ஓடை தெளிந்துவிட்டது. ஆனால் நுரை ஓய்ந்த குட்டையில் ஒரு மீனைக்கூடக் காணவில்லை. எங்கே போயின, பிழைத்தனவா என்ற கேள்வி இன்றும் எனக்கு உண்டு. இந்தக் கதையை யார் சொன்னாலும் நான் அந்த இடத்தில் சிரிப்பதில்லை.

ஆனாலும் விரிவுரையாளர் போட்டியை நடத்தித்தான் தீருவேன் என்றார். தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைமடுவத்தின் சுவரில் புரொஜெக்டரிலிருந்து படங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. ஒன்றில் யாருடைய குதிகாலோ தெரிந்தது. மற்றவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவர்களுக்கு முந்தைய வருடப் படங்கள் இருந்தன, படகில் இடமும் இருந்தது. கடைசியாக என் படம் வந்தது. வெண்மையின் நடுவே, நுரை விலகிய வட்டத்தில், டிலானியின் முகம்.

யாரும் சிரிக்கவில்லை. விரிவுரையாளர் நன்றாக இருக்கிறது என்றார். ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் விதி இருக்கிறதே, நீரில் வாழும் உயிர் ஒன்று தெரிய வேண்டுமே என்றார்.

"நான் தெரியிறன்தானே சேர்," என்றார் டிலானி. "நான் பிறந்ததில இருந்து தண்ணியிலதான் கிடக்கிறன். அம்மாவைக் கேட்டுப் பாருங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். விரிவுரையாளர் புன்னகையோடு என் பக்கம் திரும்பி, விதியை எழுதியவர் நீங்கள்தானே, நீங்களே சொல்லுங்கள் என்றார். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் நான் ஆமாம் என்று சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். ஒரு சொல். அதற்கு அப்பால் படகு இருந்தது.

நான் எழுந்து நின்றேன். மனிதர் நீர்வாழ் உயிரினம் ஆகார் என்றேன். இன்று எனக்காக விதியைத் தளர்த்தினால் நாளை அது முன்னுதாரணமாகிவிடும் என்றேன். அதன் விளைவுகளைச் சற்று விரிவாகவே எடுத்துரைத்தேன்.

கைதட்டல் நின்றது. டிலானி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நீங்க ஒரு விசர், செல்வா."

விசர் என்றால் பைத்தியம்; அந்தச் சொல்லில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அவர்கள் படகில் போன நாளில் நான் விடுதியில் இருந்து விதிகளுக்குத் திருத்தம் எழுதினேன். மாலையில் டிலானி வெயிலில் கறுத்து, கூந்தலில் உப்போடு வந்தார். வழக்கம்போலச் சொல்லத் தொடங்குவார் என்று காத்திருந்தேன். "இந்த முறை சொல்ல மாட்டன்," என்றார். சொல்லவும் இல்லை. பட்டமளிப்புக்குப் பின் வெளிநாடு போய்விட்டார். அங்கே கடல் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. கேட்டு எழுதலாம்; எழுதினால் என்ன விளைவு உண்டாகும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வேலை விஷயமாகக் கிழக்குப் பக்கம் அடிக்கடி போகிறேன். இப்போது பணம் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் அந்தத் திட்டுக்குப் படகில் போகலாம். படகோட்டிகள் கூப்பிடுவார்கள். நான் கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மலைக்குத் திரும்பும் ஹட்டன் பஸ்ஸைப் பிடிக்கிறேன். எனக்கு வேண்டியிருந்தது அன்று போன அந்தப் படகு.

படம் எங்கள் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது. மாட்டியது அம்மா. எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க யார் வந்தாலும், தேநீரைக் கொடுத்துவிட்டு முழுக் கதையையும் சொல்வார். எங்கள் குடும்பத்தில் அதற்கு இணையான வேறு கதை கிடையாது. சோப்பை வெட்டிய இடத்தில் கத்தியைப் பிடிப்பதுபோலவே கையைப் பிடிப்பார். நுரை வரும் இடத்தில் வந்தவர்கள் தேநீரைச் சிந்துவார்கள். முடிவில் அம்மா சொல்வார்: "தனக்கே எதிரா தீர்ப்பு சொன்ன பய. கட்டுறவளுக்கு இவனால எந்த ஏமாத்தும் வராதுங்க."

போன மாதம் பூண்டுலோயாவிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தின் அருகே போனார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திப் பார்த்தார்.

"நுரைக்குள்ள என்னமோ தெரியுதே, யாருங்க இது?"

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"அதுங்களா? மீனுங்க."

நான் திருத்தவில்லை.