ஓட்டிப் பார்க்காமலே

"இன்னும் வராதுன்னேதான் சொல்லுதா, மக்ளே?" என்று தாணுமாலையன் சார் பின்னால் நின்று கேட்டார்.

சரோஜம் திரையைக் கையால் மறைத்தாள். விரலிடுக்கில் பச்சை எழுத்துகள் தெரிந்தன: இந்தக் கேள்விக்கு ஒருநாளும் பதில் வராது.

ஒரு புரோகிராமை ஓட்டிப் பார்க்காமலே, அதன் விதிகளை மட்டும் படித்து, பதில் வருமா வராதா என்று சொல்லும் இன்னொரு புரோகிராமை அவள் எழுதியிருந்தாள். சோதிக்கக் கிடைத்தது, ஆபீஸிலேயே மூத்தவரான சாருடைய உறவுமுறைப் புரோகிராம். இரண்டு பேர் பெயரைக் கொடுத்தால் அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று அது சொல்ல வேண்டும். சார் தன் சொந்தக்காரர் அத்தனை பேரையும் அதில் போட்டிருந்தார்.

மறுநாள் ஆபீஸ் டைரக்டர் சுசீலாபாய் அவள் எழுதியதைப் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் ஊருக்கு, நாகர்கோவில் பஸ் ஏற வேண்டியதுதான். அங்கே மாப்பிள்ளை ஒருவர் தயாராக இருந்தார்.

"என் புரோகிராம்ல தப்பு இருக்கும்னு நெனைக்கியா?"

"ஐயோ, இல்ல சார். என்னோடதுலதான்."

சார் புரோகிராமில் தப்பு இருக்க முடியாது. அவர் சார்.

தன் புரோகிராமிடம், பெயர்களை விட்டுவிட்டு ஆண், பெண் என்று மட்டும் பார்க்கச் சொன்னாள். வராது என்றது. அதையும் விட்டு, வெறும் ஆள் என்று பார்க்கச் சொன்னாள். வராது.

"இதுக்கு எங்க குடும்பத்து மேல என்ன விரோதம்?" என்றார் சார்.

கடைசியில், பதிலுக்குத் தன்னிடமே திரும்பத் திரும்பக் கேட்டுச் சுற்றிவரும் விதியைக் கண்டால் உள்ளே போகாதே, வரலாம் என்று சொல்லிவிடு என்றாள்.

வரலாம் என்றது.

"பாத்தியா!"

அவர் டீ குடிக்கப் போனதும், கோயில் யானை சாருக்கு என்ன முறை என்ற கேள்விக்குப் பதில் வருமா என்று கேட்டுப் பார்த்தாள். அதற்கும் வரலாம் என்றது. அழுகை வந்தது. ஆனால் சார் அத்தனை சந்தோஷமாகத் திரும்பி வந்தார். பழையபடி மாற்றுகிறேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் சுசீலாபாய் எதைக் கேட்டாலும் வரலாம், வரலாம்.

"வராதுன்னு ஒண்ணுக்கும் சொல்லாதா?"

"சொல்லாது மேடம்," என்றார் சார், பெருமையாக.

இதைச் சொல்ல ஒரு கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்டுவிட்டு, சார் வெளியே போனதும் சுசீலாபாய் சரோஜத்தைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நேத்து வரைக்கும் வராதுன்னுதான் மேடம் சொல்லிச்சு," என்றாள் சரோஜம், தரையைப் பார்த்து. "நான்தான் திருத்திட்டேன்."

சுசீலாபாய் தலையில் கை வைத்தார்.

"சார் புரோகிராமுக்குப் பதிலே வராதுன்னு எங்களுக்கெல்லாம் தெரியும் மோளே, அதை அவர் முகத்தைப் பாத்துச் சொல்ல ஆருக்கும் தைரியம் இல்லாமத்தானே உன்னை வேலைக்கு எடுத்தது."