பேஜாருக்கு வீடு பார்த்த கதை

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு ஜீவனுக்குத்தான் உருப்படியாகப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது ஒரு நாய். சொல்லிக் கொடுத்த அத்தனையையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது. வந்த வினை எல்லாம் அதனால்தான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கர். பசை வழிந்திருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, தோலில் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று நாள் பூரா ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது வேலை. (வீட்லயும் அதையேதான் செய்யறேன்னு அம்மா சொல்லும். அது வேற கதை.) ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பஸ் பிடித்து, பள்ளிகொண்டா பக்கம் ஹைவேயை விட்டு உள்ளே தள்ளியிருந்த நாய்கள் ஷெல்டருக்குப் போவேன். கேட்கிறவர்களிடம் சேவை செய்யப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். சேவையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரே ஒரு நாயைப் பார்க்கத்தான் போனேன்.

ஷெல்டரை நடத்தியவர் ரேவதி அக்கா. பள்ளிக்கூட டீச்சர். தகரக் கூரை போட்ட கொட்டகையில் பன்னிரண்டு கூண்டு, இருபது நாய். அதில் செம்மண் நிறத்தில், ஒரு காது நிமிர்ந்து ஒரு காது தொங்கி, ஒரு வயசுக்காரன் ஒருவன் இருந்தான். ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தவனைப் பிடித்து வந்திருந்தார்கள். வந்த முதல் வாரமே தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்தான், சுவர் ஏறிக் குதித்தான், அக்காவின் துப்பட்டாவை இழுத்துக்கொண்டு கொட்டகையை நாலு சுற்று சுற்றினான். "பேஜார் புடிச்ச நாயி" என்று அக்கா சலித்துக்கொண்டதில் பேஜார் என்பதே பேராகிவிட்டது. கூப்பிட்டால் வாலை மட்டுமல்ல, இடுப்பிலிருந்து பின்பக்கம் மொத்தத்தையும் ஆட்டுவான்.

அவனை நானே எடுத்து வளர்க்க வேண்டும் என்று ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது, ஏக்கம். எங்கள் வீடு வாடகை வீடு, மாடி போர்ஷன். ஆணி அடிக்கக் கூடாது, தண்ணீர் ஜாஸ்தி செலவு பண்ணக் கூடாது, நாய் கூடவே கூடாது என்பது ஓனரின் சட்டம். அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன்.

"நாயோட இருக்கணும்னா நீ போய் ஷெல்டர்லயே இரு. ஒரு கூண்டு காலியா இருக்குதான்னு கேளு" என்றது அம்மா.

எங்கள் மாடிப்படிக்கு அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. ஒரு சாக்கு விரித்தால் போதும், அவனுக்குச் சரியாக இருக்கும். கம்பெனியிலிருந்து வரும்போதெல்லாம் அந்த இடத்தைப் பார்க்காமல் என்னால் படி ஏற முடிந்ததில்லை. சில நாள் அங்கே யாரோ படுத்திருப்பது போல ஒதுங்கிக்கூடப் போயிருக்கிறேன்.

எனக்கில்லை என்று ஆன பிறகு, வேறு நல்ல வீடாவது அவனுக்குக் கிடைக்க வேண்டுமே என்று தவித்தேன். ஏற்கெனவே இரண்டு வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்தான். முதலில் வாலாஜாபேட்டையில் ஒரு குடும்பம். கொடியில் காய்ந்த பட்டுப்புடவையை இழுத்துப் போட்டு அதன்மேல் படுத்திருக்கிறான். மூன்றே நாள். அடுத்து வேலூரில் ஒரு ரிடையர்டு சார். காலையில் வாக்கிங் போகத் துணை வேண்டும் என்று கூட்டிப் போனார். வாக்கிங் போனது சார்தான், ஓடியது பேஜார். கையில் மாவுக்கட்டோடு வந்து திருப்பி விட்டுவிட்டுப் போனார்.

"ஒவ்வொரு வாட்டியும் திரும்பி வந்து ரெண்டு நாளு சோறு தொட மாட்றான் ஜெனி. செவுத்தப் பாத்துப் படுத்துக்கறான்" என்றார் அக்கா. "இன்னும் ஒரே ஒரு வீடு பாப்போம். அதுவும் அமையலன்னா இவன யாருக்கும் காட்டப் போறதில்ல. அடிபட்டு அடிபட்டு வர்றதுக்கு இங்கயே கெடக்கட்டும்."

இங்கயே என்றால் நாலடிக்கு ஆறடிக் கூண்டு. ஹைவேயில் லாரியோடு பந்தயம் ஓடியவன் அதில் திரும்பினாலே சுவர் இடிக்கும். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் உடனே எதையாவது செய்து தொலைப்பது என் சுபாவம்.

போனில் நாய் பயிற்சி வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். சொன்னதைச் செய்தால் உடனே அதற்குப் பிடித்த தின்பண்டம் கொடு என்றார்கள். பிஸ்கட் கொடுத்தேன். ஒரே விழுங்கு, அடுத்த நொடி என் தோள்மேல் ஏறி நின்றான். கோழிக்கால் கொடுத்தேன். அதே கதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பையில் கட்டிங் செக்‌ஷனில் கழித்துப் போட்ட தோல் துண்டுகள் இருந்தன. சாவிக்கொத்துக்குக் குஞ்சலம் பண்ணலாம் என்று சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். பேஜார் பைக்குள் மூக்கை நுழைத்தான். ஒரு துண்டைக் கவ்வினான். பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஓரிடத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, பத்து நிமிஷம் மென்றான்.

விடுவேனா? "உக்காரு" என்பேன். உட்கார்ந்தால் ஒரு துண்டுத் தோல். "கை குடு" என்பேன். கொடுத்தால் இன்னொரு துண்டு. இரண்டு மாதத்தில் பேஜார் ஜென்டில்மேன் ஆகிவிட்டான். அக்காவிடம் தோல் விஷயத்தைச் சொல்லவில்லை. என் திறமை என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். (பெருமை யாரத்தான் விட்டுது!)

ஊர் பூரா தோல் வேலை செய்கிற இடத்தில், ஒரு நாய்க்குத் தோல்தான் பரிசு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோமே என்று என் மண்டைக்கு ஒரு நாள்கூட உறைக்கவில்லை.

கம்பெனி கேன்டீனில் அவன் கை கொடுக்கும் வீடியோவை எல்லாருக்கும் காட்டினேன். சாம்பிள் ரூம் மாஸ்டர் குணசேகர் சார் நின்று இரண்டு தரம் பார்த்தார். முப்பது வருஷ அனுபவம், அதிர்ந்து பேசாத மனுஷன். மகள் கனடா போனதிலிருந்து மனைவி வீட்டில் தனியாக இருக்கிறார், ஒரு நாய் இருந்தால் தேவலை என்றார்.

"சாதுவாம்மா?"

"தங்கம் சார்."

"ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வா."

சார் வீடு மாதனூர் பக்கம். காம்பவுண்டு, தோட்டம், நாலு தென்னை மரம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாஸ்டர் வீட்டுக்குத் தனியாகப் போவதா என்று அம்மாவும் கிளம்பியது. நல்ல புடவை, கையில் ஆப்பிள், ஆரஞ்சு. பேஜாரைக் குளிப்பாட்டி, கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டினேன். ஷெல்டர் நாய்களை வழக்கமாக ஏற்றிப்போகும் முருகேசன் அண்ணன் ஆட்டோ. வழியெல்லாம் பேஜார் காதில் சொல்லிக்கொண்டே போனேன்: "மானத்த வாங்கிடாத டா. இந்த ஒரு வாட்டி நல்லா நடந்துக்க."

நல்லாத்தான் நடந்துகொண்டான். சாரின் மனைவி லலிதா ஆன்ட்டி கதவைத் திறந்ததும், யாரும் சொல்லாமலே உட்கார்ந்து கை நீட்டினான். ஆன்ட்டி அப்படியே உருகிப்போய், "ஐயோ, எங்கண்ணு! இன்னா மரியாத பாருங்க இதுக்கு!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாதி சந்தோஷம். மீதிப் பாதி, இவன் இனிமேல் என்னைப் பார்த்து இடுப்பை ஆட்ட மாட்டானே என்ற பொறாமை.

பிறகு ஹாலுக்குள் போனோம்.

ஹாலில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அதற்குள் முப்பது வருஷமாக சார் கையால் செய்த சாம்பிள் ஷூக்கள். பேஜாரின் மூக்கு ஆடத் தொடங்கியது. மெதுவாக நடந்து போய் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தான். ஷூக்களைப் பார்த்துக் கை நீட்டினான்.

"ஷூவுக்குக்கூட கை குடுக்குதுங்க!" என்று ஆன்ட்டி கைதட்டினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். உட்கார்ந்தாகிவிட்டது, கையும் கொடுத்தாகிவிட்டது, எங்கே என் துண்டு என்று கேட்கிற பார்வை. மறுபடி உட்கார்ந்தான். மறுபடி கை கொடுத்தான். யாரும் ஒன்றும் தரவில்லை. பாவம், எவ்வளவு நேரம்தான் பொறுப்பான்? டீப்பாய்மேல் மூடி திறந்த ஒரு வெள்ளை அட்டைப்பெட்டி இருந்தது. அதிலிருந்து ஒரு இடதுகால் ஷூவைக் கவ்விக்கொண்டு வாசலுக்குப் பறந்தான்.

அது என்ன ஷூ என்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிற பையர் பார்த்துப் பிடித்துப்போய், கையெழுத்துப் போட்டு, டேக் கட்டிக் கொடுத்த ஒரே ஜோடி. கன்ஃபர்மேஷன் சாம்பிள் என்போம். அதைப் பார்த்துத்தான் ஆயிரக்கணக்கான ஜோடி தைக்க வேண்டும். மறுநாள் திங்கட்கிழமை பையர் நேரில் வருகிறார். வேறு யார் பாலிஷ் போட்டாலும் சாருக்குத் திருப்தி வராது, தன் கையால் போடலாம் என்று வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறார்.

"பேஜார்!" என்று கத்திக்கொண்டு நான் ஓடினேன். என் பின்னால் சார், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு. அவர் பின்னால் அம்மா, பழப்பையோடு. தென்னை மரத்தைச் சுற்றி மூன்று தடவை. சார் இந்தப் பக்கம் மடக்கினால் அவன் அந்தப் பக்கம். அம்மா ஆரஞ்சு எடுத்து எறிந்தது, சார் முதுகில் பட்டது. பேஜாருக்கோ ஏக சந்தோஷம். பிறந்ததிலிருந்து இத்தனை பேர் அவனோடு ஓடி விளையாடியதே இல்லை.

கடைசியில் அவனாகவே நின்றான். நேராக என்னிடம் வந்தான். முன்பக்கம் மென்று கூழாகிப்போன ஷூவை என் காலடியில் வைத்தான். உட்கார்ந்தான். கை நீட்டினான்.

சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. வாசற்படியில் உட்கார்ந்து அந்த ஷூவை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். "வீட்டுக்கு எடுத்துட்டு வந்தது என் தப்பும்மா" என்றார். ஆன்ட்டி மட்டும், "ஒரு ஷூதானே போச்சு, நாய் இருக்கட்டுமே" என்றார்.

"இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றார் சார்.

ஆன்ட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். அந்த யோசனையைத்தான் சாரால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லையாம்.

(சார் அன்றைக்கே கம்பெனிக்குப் போய், வலதுகாலைப் பார்த்துப் புதிதாக ஒரு இடதுகால் செய்து, பையரிடம் நடந்ததையும் மறைக்காமல் சொன்னார். பையர் ரெண்டையும் திருப்பிப் பாத்துட்டு, லெஃப்டுதான் இன்னும் நல்லா இருக்குது, எல்லாத்தையும் இது மாதிரியே பண்ணுங்கன்னுட்டாராம். என் வேலை தப்பியது.)

திரும்பி வரும்போது ஆட்டோவில் பேஜார் என் மடியில் தலை வைத்துத் தூங்கினான். எல்லாப் பாடத்தையும் சரியாகச் செய்த நிம்மதி. இவன் ஒரு தப்பும் செய்யவில்லையே, நான்தானே செய்தேன் என்று விசும்பி விசும்பி அழுதேன். அம்மா திட்டும் என்று பார்த்தேன். திட்டவில்லை. தொங்கிப்போன ரிப்பனை அவிழ்த்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டது.

ரேவதி அக்கா திட்டினார். "தோலா குடுத்த? அதுல இன்னா இன்னா கெமிக்கல் ஏத்தறாங்கன்னு உனக்குத் தெரியாது? அதுலயே வேல செய்யற!" நாய் டாக்டரிடம் காட்டி, அவன் வயிற்றுக்கு ஒன்றுமில்லை என்று தெரிகிறவரை என்னோடு பேசவில்லை. நான் விடாமல் கெஞ்சினேன். "இந்த வீட்ட கணக்குல சேக்காதீங்கக்கா. தோத்தது நான்தான். அவனுக்கு இன்னும் ஒரு வீடு பாக்கி வைங்க."

அந்த வீட்டைக் கண்டுபிடித்தது முருகேசன் அண்ணன். அன்றைக்கு சார் வீட்டு வாசலில் ஆட்டோவில் உட்கார்ந்து முழுக்கூத்தையும் பார்த்து, சிரித்து சிரித்து வயிறு வலித்தவர். "எங்க மச்சான் தனபாலு விரிஞ்சிபுரத்துல ஆடு மேய்க்கறான். நாளு பூரா பாலாத்துல ஓடணும். இது ஓடற ஓட்டத்துக்கு அதான் சரி" என்றார்.

"தோலு?" என்றேன் பயத்தோடு.

"அங்க தோலெல்லாம் ஆட்டு மேலதான் இருக்குது. உயிரோட இருக்குது, முட்டும்."

முட்டியது. முதல் வாரமே ஒரு கிடா இவனை முட்டித் தள்ளியதில், தோலைப் பற்றி அவனுக்கு வேறு அபிப்பிராயம் வந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலும் முள்ளும்தான். தூரத்தில் ஆடுகளுக்குப் பின்னால் ஒரு செம்மண் கோடு ஓடியது. "பேஜார்!" என்றேன். நின்றான். பிறகு வந்தான் பாருங்கள், மணல் பறக்க! என்னைக் கீழே தள்ளி முகமெல்லாம் நக்கினான். இடுப்பிலிருந்து பின்பக்கம் மொத்தமும் ஆடியது. நான் கட்டிக்கொண்டேன். அந்தப் பக்கம் தனபால் ஒரு விசில் அடித்தார். அவ்வளவுதான், உதறிக்கொண்டு ஓடிப்போனான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் நன்றாக இருக்கிறான் என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம். எனக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனாலும் ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போதும் எங்கள் வீட்டுக்கு யார் ஷூ போட்டுக்கொண்டு வந்தாலும், "அத எடுத்து மேல வைங்க" என்று அம்மா கிண்டலாகச் சொல்லும். வந்தவர்கள் மிரண்டு போய், "நாய் இருக்குதா?" என்று சுற்றிலும் பார்ப்பார்கள். நான் டீ போடுகிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விடுவேன். அங்கேயும் அம்மாவின் குரல் கேட்கும்.

"இருந்துது. விரிஞ்சிபுரத்துல குடுத்திருக்கோம். நல்ல எடம். இவதான் மாசாமாசம் போய் பாத்துட்டு அழுதுட்டு வர்றா."