தாமிரபரணி மரபணு

“சார், நம்ம மரபணு வரிசையில அங்கங்க எழுத்து மாறுது. ஜெர்மன்காரங்க போன மாசம் போட்டதோட பொருந்தல” என்றாள் ஆராய்ச்சி மாணவி முத்துராணி.

பேராசிரியர் சாய்கிருஷ்ணனுக்குச் சுருக்கென்றது. நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்தெடுத்த, ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதத்தின் மனித மரபணு அது. அதைக் கண்டுபிடித்தால் துறைத் தலைவர் நாற்காலி அவருக்குத்தான். ஜெர்மன்காரன் முந்திக்கொண்டான், சரி. பொருந்தவும் இல்லை என்றால் மானம் போகாதா?

“ஏலே பூதத்தான்! இன்னொரு நஞ்சுக்கொடி வாங்கிட்டு வாலே!”

அட்டெண்டர் பூதத்தான் ஐஸ் பெட்டியோடு பிரசவ ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளை மிதித்தான். வாங்குவதும் நறுக்குவதும் அரைப்பதும் அவன்தான். அரைத்த கூழ்தான் முத்துராணி கைக்கு வரும். ரத்தத்தைப் பார்த்தால் பேராசிரியருக்குத் தலை சுற்றும். மனித உடம்பை அவர் காகிதத்தில் மட்டுமே ஆராய்வார்.

இரண்டாவதிலும் அதே எழுத்துகள் மாறியிருந்தன.

“ரெண்டும் ஒண்ணாவே வந்திருக்கு, பாத்தியா? தப்பே இல்லம்மா. நம்ம ஜனங்களே தனி! பரம்பரை பரம்பரையா தாமிரபரணித் தண்ணி குடிச்ச உடம்புல்லா!”

மறுநாளே அது போட்டோவோடு பேப்பரில் வந்துவிட்டது. முத்துராணி அதை நம்பவில்லை. தன் ரத்தத்தையே எடுத்துச் சோதித்தாள். ஜெர்மன்காரனுடையதோடு அச்சு அசலாகப் பொருந்தியது.

“உனக்குப் பூர்வீகம் எது?” என்றார் பேராசிரியர்.

“பத்தமடை சார்.”

“அதுக்கு முன்னால?”

“அதுக்கு முன்னாலயும் பத்தமடைதான் சார்.”

“அப்ப நடுவுல எவனோ வெள்ளைக்காரன் வந்திருக்கான்” என்றார், கொஞ்சமும் கூசாமல்.

ஐஸ் பெட்டியை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்றிருந்தது அவளுக்கு.

கல்லூரியில் பாராட்டு விழா. இனி இவரே துறைத் தலைவர் என்று முதல்வர் மேடையிலேயே அறிவித்தார். சாய்கிருஷ்ணனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மைக்கைப் பிடித்தார்.

“இந்தப் பெருமை எனக்கு மட்டும் சொந்தமில்ல. நஞ்சுக்கொடி தந்த தாய்மாருக்கும்தான்! பூதத்தான், அவங்களக் கூட்டிட்டு வந்துட்டியா? பொன்னாடை போத்தணும்!”

பூதத்தான் தலையைச் சொறிந்தபடி மேடையேறினான். காதோடு சொல்வதாக நினைத்துக்கொண்டு மைக்குக்கு நேராகவே சொன்னான்:

“கோவிச்சுக்கிடாதிய சார். நஞ்சுக்கொடியை மண்ணுல புதைக்கலேன்னா பிள்ளைக்கு ஆகாதுன்னு ரெண்டு தடவையும் வீட்டாளுவ தரல. வெறுங்கையோட வந்தா ஏசுவியளேன்னு கறிக்கடையில ஈரல் வாங்கி அரைச்சிட்டேன். அந்த ரெண்டு ஆட்டையும் ஊரு அன்னைக்கே தின்னு முடிச்சிட்டுதே சார், இப்ப யாருக்குப் பொன்னாடை போத்த?”