மோட்டார் சார்ஜ்

சீட்டில் ‘மோட்டார் சார்ஜ் ரூ.500’ என்று இருந்தது. போன மாதம் வரை முந்நூறுதான். மாரிக்கண்ணன் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். மூன்றை ஐந்தாகத் திருத்தியிருந்தால் சண்டை போட ஒரு பிடி கிடைத்திருக்கும். வீட்டுக்காரர் பொன்னுச்சாமி அண்ணாச்சி அடித்தல் திருத்தல் இல்லாமல் குண்டு குண்டாக எழுதியிருந்தார்.

“குடுத்துருங்க. தண்ணியுள்ள வீடு,” என்றாள் ரேணுகாதேவி. இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு பள்ளிக்கூட வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

அந்த பெல்ட் பாலவனத்தத்தில் சம்பாதித்தது. அங்கே இருந்த வீட்டில் குழாய் உண்டு, தண்ணீர் கிடையாது. மூன்று வருடம் தெருமுனையிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். இடுப்பெலும்பு தேய்மானம் என்றார் டாக்டர். இனிமேல் குடம் தூக்கினால் ஆபரேஷன்தான் என்றும் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் மாரிக்கண்ணன் அருப்புக்கோட்டை முழுக்க அலைந்து இந்த வீட்டைப் பிடித்தான். வாசலில் தொங்கிய போர்டில் ‘வற்றாத போர் தண்ணீர் வசதி உண்டு’ என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. அண்ணாச்சி ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கேட்டார். மாரிக்கண்ணன் நகையை வைத்துக் கொடுத்தான்.

தண்ணீரும் லேசுப்பட்ட தண்ணீர் இல்லை. அந்தப் பக்கம் போரில் தப்பித்தவறித் தண்ணீர் வந்தாலும் உப்புத்தான். சோப்பு நுரைக்காது, சோறு பழுப்பாகும். இந்த வீட்டுத் தண்ணீரில் துவரம்பருப்பு இரண்டே விசிலில் வெந்தது. கேட்டால், “நம்ம எடத்து ராசி தம்பி” என்பார் அண்ணாச்சி.

மாரிக்கண்ணனுக்கு பைபாஸ் ரோட்டில் ஒரு எடை மேடையில் வேலை. பஞ்சு லாரியும் ஜல்லி லாரியும் ஏறி நின்று எடை காட்டிவிட்டுப் போகும். பதினைந்து வருடமாக அந்தச் சிவப்பு எண்களையே பார்த்துக்கொண்டிருந்ததில், மனிதர்கள் பொய் சொல்வார்கள், மீட்டர் சொல்லாது என்று அவன் முடிவு கட்டி வைத்திருந்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பாத்திரக் கடைக்குக் கிளம்பிய அண்ணாச்சியை வாசலில் மடக்கினான். வெயில் காலம், மோட்டார் கூடுதலாக ஓடுகிறது என்றார் அவர். எவ்வளவு கூடுதல் என்று கேட்டான். கூடுதல்தான் என்றார். அப்படியானால் மோட்டாருக்குத் தனியாக ஒரு மீட்டர் வைத்துப் பார்த்துவிடலாமே, செலவு என்னுடையது என்றான். அண்ணாச்சியின் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

எலெக்ட்ரீசியன் மணிகண்டன் வந்து மோட்டார் ரூமின் வெளிச்சுவரில் மீட்டரை மாட்டினான். கிளம்புமுன் உள்ளே எட்டிப் பார்த்தவன், “அரை எச்பி மோட்டாரு. இத வச்சா போர்த்தண்ணி எடுக்கீக?” என்று கேட்டான்.

“தண்ணி மேலாப்புலயே கெடக்கு தம்பி,” என்றார் அண்ணாச்சி.

ஆயிரம் அடி தோண்டினாலும் புழுதி பறக்கிற ஊர் அது. மறுநாள் எடை மேடைக்கு வந்த லாரிக்காரர்களிடமெல்லாம் மாரிக்கண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டான்.

மாதம் முடிந்ததும் மீட்டரைப் பார்த்தான். ஏழு யூனிட். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். அப்போதும் ஏழுதான். அண்ணாச்சி வீடுகளுக்கு வாங்குவது போல யூனிட்டுக்கு எட்டு ரூபாய் போட்டாலும் ஐம்பத்தாறு ரூபாய். மூன்று குடித்தனத்திடமும் அவர் வாங்குவதோ ஆயிரத்து ஐந்நூறு. மாரிக்கண்ணனுக்கு வயிறு எரிந்தது. ஐந்நூறு ரூபாய் போனதைவிட, பகல் கொள்ளைக்காரனைப் போய் அண்ணாச்சி அண்ணாச்சி என்று அழைத்தோமே என்ற எரிச்சல்தான் அதிகம்.

நேரில் கேட்டபோது பொன்னுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “கரண்டு மட்டுமா தம்பி? தேய்மானம் இருக்குல்ல.”

“தேய்மானம் எம் பொண்டாட்டிக்கு இருக்கு. டாக்டர் படம் எடுத்துக் காட்டுனாரு. ஒங்க மோட்டாருக்கு எங்க இருக்கு, காட்டுங்க.”

அவர் காட்டவில்லை. மறுநாள் அதையே டேங்க் கழுவுகிற கூலி என்றார். தீபாவளிக்கு டேங்கைக் கழுவியதே நான்தானே என்று மாரிக்கண்ணன் கேட்டதும் பைப் பராமரிப்பு என்றார். அதற்கு அடுத்த நாள், உங்கள் மீட்டர் சரியாக ஓடவில்லையோ என்னவோ என்றார். ஐந்நூறு அப்படியே இருந்தது, அதன் பெயர்தான் நாளுக்கு ஒன்றாக மாறியது.

மீட்டரைக் குறை சொன்னால் மாரிக்கண்ணனுக்குப் பொறுக்காது. இரண்டு நாள் லீவு போட்டான். மோட்டார் ரூம் வாசலில் நாற்காலியைப் போட்டு, மோட்டார் ஓடுகிற நேரத்தைக் குறிக்க நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டான்.

தினமும் பதினொரு மணிக்கு மோர் குடிக்கக் கடையிலிருந்து வீட்டுக்கு வருவது பொன்னுச்சாமியின் வழக்கம். அந்த நேரத்தில் குடித்தனக்காரர்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள். அன்று வந்தவர் மாரிக்கண்ணனைப் பார்த்ததும் மோரை மறந்து திரும்பிப் போனார். பன்னிரண்டுக்கு மறுபடி வந்தார். ஒரு மணிக்கும் வந்தார். சந்துப் பக்கம் ஒதுங்கி, “இன்னைக்கி வேணாம், ஆளு இருக்கு” என்று போனில் முணுமுணுத்தது மாரிக்கண்ணன் காதில் விழுந்தது. அடிக்க ஆள் ஏற்பாடு செய்கிறாரோ என்று அவனுக்கு லேசாக வியர்த்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் குழாயில் காற்று வந்தது.

“நீங்க வேலைக்குப் போங்க தம்பி. தண்ணி தானா வந்துரும்,” என்றார் பொன்னுச்சாமி. குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. மாரிக்கண்ணனுக்கு அது மிரட்டலாகக் கேட்டது. மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டு வந்தால் டேங்க் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. மீட்டர் பக்கம் உட்கார்ந்தால் தண்ணீரை நிறுத்துவேன் என்று சொல்லாமல் சொல்கிறார், வேறென்ன.

மாரிக்கண்ணன் மற்ற இரண்டு குடித்தனங்களையும் கூட்டினான். மாடியில் இருந்த செல்லப்பாண்டி மினி பஸ் டிரைவர். அடுத்த போர்ஷன் தங்கச்செல்விக்கு ஜவுளிக்கடையில் வேலை. ஏழு யூனிட் கதையைக் கேட்டதும் இருவருக்கும் ரத்தம் கொதித்தது. அட்வான்ஸை வாங்கிக்கொண்டு காலி பண்ணிவிடலாம் என்றாள் தங்கச்செல்வி. மூன்று வீட்டு அட்வான்ஸையும் அந்த மனுஷன் எதிலோ போட்டு அழித்துவிட்டாராம், திருப்பித் தர அவரிடம் பைசா கிடையாது என்று செல்லப்பாண்டி கேள்விப்பட்டிருந்தான். அப்படியானால் மோட்டார் சார்ஜ் கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று.

அடுத்த மாதம் யாரும் கொடுக்கவில்லை. தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆயிற்று. அதற்கு அடுத்த மாதமும் கொடுக்கவில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை ஆயிற்று. பொன்னுச்சாமி யாரையும் திட்டவில்லை, சத்தம் போடவில்லை. கன்னம் ஒட்டிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குப் போய் வந்தார். என்ன அழுத்தக்காரர் பாருங்கள் என்றான் மாரிக்கண்ணன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவன் வேலை முடிந்து வந்தபோது ரேணுகாதேவி அடுப்படித் தரையில் படுத்துக் கிடந்தாள். பக்கத்தில் பாதி நிறைந்த குடம். தெருக்குழாயில் பத்து நாள் கழித்துத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். குழாயடியில் அவள் முறை வந்திருக்கிறது. வேறு யார் தூக்குவது?

மாரிக்கண்ணன் அவளைத் தூக்கி உட்காரவைத்தான். ஐந்நூறு ரூபாய்க்காக இவளைப் பழையபடி குடம் தூக்க வைத்துவிட்டோமே என்று மனது அறுத்தது. அதை வாய்விட்டுச் சொல்லவும் வந்தான். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“குடுத்துருங்கன்னு அன்னைக்கே சொன்னேன், ஆழந் தெரியாமக் கால விட்டுட்டீக. அவரு கேக்குறதக் குடுத்துட்டுப் போவோம். என் இடுப்பு தாங்காது.”

வாதத்தில் தோற்றால் ஆண்களுக்கு உடனே கோபம் வரும். மாரிக்கண்ணன் திங்கட்கிழமையே மின்வாரிய அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டான். ஒரு அதிகாரி வந்தார். வீட்டுக்காரர் குடித்தனக்காரரிடம் என்ன வாங்குகிறார் என்பதெல்லாம் உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு சுவரைப் பார்த்து, யார் அனுமதியோடு இந்த மீட்டரை மாட்டினீர்கள் என்று கேட்டார். அன்று மாலையே மீட்டர் மஞ்சள்பையில் வீட்டுக்குத் திரும்பியது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

கடைசியில் பத்திரம் எழுதுவது என்று முடிவு செய்தான். சார்ஜ் என்ற பேச்சையே ஒழித்துவிட்டு, மோட்டார் ரூம் சாவியை நாமே வாங்கிக்கொள்வது. ஏழு யூனிட்தானே, வீட்டுக்கு இருபது ரூபாய்கூட வராது. முத்திரைத்தாள் வாங்கிவந்து, எடை மேடையில் உட்கார்ந்து அவனே வாசகத்தை எழுதினான். ‘தண்ணீர் வகையில் உண்டாகும் சகல செலவுகளையும் வாடகைதாரர்களாகிய நாங்களே நேரடியாக ஏற்றுக்கொள்கிறோம். இவ்வகையில் ஒரு பைசாவும் கேட்க வீட்டு உரிமையாளருக்கு உரிமை கிடையாது.’ எழுதி முடித்ததும் மனது இளகிவிட்டது. ‘உரிமையாளர் வீட்டுக்கும் இலவசமாகத் தண்ணீர் வழங்குவோம்’ என்று ஒரு வரி சேர்த்தான். போனால் போகிறது, நமக்கும் அவருக்கும் வித்தியாசம் தெரிய வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் வாசலில் கூடினார்கள். பொன்னுச்சாமி பத்திரத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“சகல செலவுமா தம்பி?”

“சகல செலவும்.”

“பெறகு பேச்சு மாறக் கூடாது.”

“பேச்சு மாறுறது எங்க பழக்கம் இல்ல அண்ணாச்சி. பைப் பராமரிப்புன்னெல்லாம் சொல்ல மாட்டோம்.”

செல்லப்பாண்டி சிரித்தான். பொன்னுச்சாமி தயங்கித் தயங்கி ஒன்றே ஒன்று கேட்டார். பதினொரு மாதத்துக்குள் யாராவது காலி செய்தால் அட்வான்ஸ் திரும்பக் கிடையாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இதற்குப் போய் இவ்வளவு தயக்கமா? தண்ணீர் உள்ள வீட்டை விட்டு இந்த ஊரில் எந்தக் கிறுக்கன் போவான்? மாரிக்கண்ணன் அதையும் தன் கையாலேயே எழுதினான்.

கையெழுத்துப் போடும்போது பொன்னுச்சாமியின் கண் கலங்கியிருந்தது. இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். அவர் மனைவி முத்துலட்சுமி, கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், குலசாமி கோயில் இருக்கும் தெற்கு முகமாகத் திரும்பி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். மாரிக்கண்ணனுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. எல்லோருக்கும் காராச்சேவு வாங்கிக் கொடுத்தான். பொன்னுச்சாமி இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நாலு நாள் ராஜ வாழ்க்கை. மாரிக்கண்ணன் காலையில் சாவியைச் சுழற்றிக்கொண்டு போய் சுவிட்சைத் தட்டுவான். டேங்க் நிறைந்து வழியும். ரேணுகாதேவி பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் போர்வை துவைத்தாள். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்று அவளிடம் சொன்னான். பரவாயில்லை, நீங்களும் ஒரு காரியத்தை ஜெயித்துவிட்டீர்கள் என்று அவளும் சிரித்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஐந்தாம் நாள் காலை சுவிட்சைத் தட்டினான். மோட்டார் உறுமியது, தண்ணீர் ஏறவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி தட்டினான். காற்றுத்தான் வந்தது. அடுப்பில் பருப்பு குக்கரை ஏற்றப் போன ரேணுகாதேவி, தண்ணீர் எங்கே என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள். மோட்டாரில் ஏதோ வேலை செய்துவைத்துவிட்டுத்தான் அந்த ஆள் சாவியைக் கொடுத்திருக்கிறார் என்று மாரிக்கண்ணன் பல்லைக் கடித்தான்.

அப்போது பின்பக்கச் சந்தில் ஹாரன் சத்தம் கேட்டது. தண்ணீர் லாரி ஒன்று சுவரை ஒட்டி வந்து நின்றது. டிரைவர் இறங்கி, ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு பழகிய வீடு மாதிரி உள்ளே வந்தான். மோட்டார் ரூமுக்குப் பின்னால் கிடந்த சிமெண்ட் மூடியைக் காலால் தள்ளி, கீழே இருந்த தரைத்தொட்டிக்குள் ஹோஸை இறக்கிவிட்டு, மாரிக்கண்ணன் யாரென்று விசாரித்தான். தன் பெயர் இருளப்பசாமி என்றும் சொன்னான்.

“இங்க எதுக்குப்பா லாரித் தண்ணி? இது வத்தாத போரு உள்ள வீடு,” என்றான் மாரிக்கண்ணன். பேசும்போதே சாவி கையிலிருந்து நழுவியது. ரேணுகாதேவி பின்னால் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இந்தப் போரு வத்தி நாலு வருசமாச்சுண்ணே, மாசம் அஞ்சு லோடு நாந்தான ஊத்துறேன். லோடு தொள்ளாயிரம், இனிமே ஒங்ககிட்ட வாங்கிக்கிறச் சொல்லி அண்ணாச்சி பத்திரத்தக் காட்டுனாக.”