ஒன்பது மணி மேடம்

மலைக்கோட்டையே இடம் பெயர்ந்து சமயபுரத்துக்குப் போனாலும் சரி, இரவு ஒன்பதைத் தாண்டி அவரை விழித்திருக்க வைக்க எவராலும் முடியாது. அதனால்தான் எங்கள் ஜவுளி மொத்தக் கடை ஆபீஸில் அவர் 'ஒன்பது மணி மேடம்'. நிஜப் பெயர் எங்களுக்கு மறந்தே போயிருந்தது.

ஒரு முறை முதலாளி ஒன்பதரைக்கு அவருக்குப் போன் செய்தார். எடுத்தவர் மேடத்தின் கணவர்.

"அவங்க தூங்கிட்டாங்க சார். கடை தீப்பிடிச்சிருந்தா சொல்லுங்க, எழுப்பிப் பாக்குறேன். எந்திரிப்பாங்களான்னு சொல்ல முடியாது."

சொந்தத் தங்கையின் கல்யாண ரிசப்ஷனில், குடும்பப் போட்டோவுக்கு எல்லாரும் மேடை ஏறியபோது மேடத்தைக் காணோம். மணமகள் அறையில், சீர்வரிசையாக வந்த புது மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் அதன்மேல் தூங்கிக்கொண்டிருந்தார்.

கிண்டல் செய்த எங்களிடம் மேடம் சொன்னார்: "அதுல என்ன வெக்கம்? மெத்தை நல்லா இருக்கான்னு யாராவது பாக்கணும்ல!"

ஒரு மழைக்காலத்தில் நான் காய்ச்சலில் விழுந்தேன். எழுந்தேன். மறுபடி விழுந்தேன். மகளின் பள்ளி ஆண்டுவிழா நடனத்துக்குக்கூடப் போக முடியவில்லை. "ஏம்ப்பா உங்களுக்கு மட்டும் அடிக்கடி காய்ச்சல் வருது?" என்று அவள் கேட்டது ஊசியைவிட வலித்தது. ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. "ராத்திரி ஒழுங்கா தூங்குறீங்களா?" என்றார் டாக்டர். நான் கையிலிருந்த போனைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன்.

டவுன் பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் வீட்டுக்கு மேடம் வந்தார். பழம் வாங்கி வந்திருப்பார் என்று பார்த்தால், பையிலிருந்து ஒரு அலாரக் கடிகாரத்தை எடுத்தார்.

"அலாரத்துக்குத்தான் போனைப் பக்கத்துல வச்சிருக்கேன்னு சொல்வீங்க. இந்தாங்க. போனை ஹால்ல வச்சிட்டுப் படுங்க. நாம தூங்குறப்பதான் சார் உடம்பு கிருமியோட சண்டை போடத் தெம்பு சேர்க்கும். அந்த நேரத்துல நீங்க ரீல்ஸ் பாத்துக்கிட்டிருந்தா?"

என் மனைவியின் முகத்தில் அப்படியொரு வெற்றிச் சிரிப்பு.

முதல் வாரம் நரகம். கை தானாகத் தலையணைக்கடியில் துழாவியது. பிறகு மெல்ல மெல்லத் தூக்கம் பழகியது. அடுத்த மழைக்காலத்தில் ஜலதோஷம் எட்டிப் பார்த்தது. ஆனால் கட்டிலில் தள்ளவில்லை. ஆண்டுவிழாவில் மகள் ஆடியபோது முன்வரிசையில் இருந்தேன்.

அந்த வருஷம் மேடத்துக்கே காய்ச்சல் வந்தது! ஆபீஸ் திருவிழாக் கோலம் பூண்டது. திரும்பி வந்தவரைச் சூழ்ந்துகொண்டோம்.

"என்ன மேடம், தூக்கம் கைவிட்டுடுச்சா?"

"காய்ச்சலே வராதுன்னு நான் எப்ப சொன்னேன்? டாக்டரைப் பாத்தேன், மாத்திரை போட்டேன், நல்லாத் தூங்கினேன். வந்துட்டேன். நீங்கதான் இன்னும் இருமிக்கிட்டு இருக்கீங்க."

கடையின் வருடாந்திர விருந்து எப்போதும் இரவில்தான். போன தடவை எல்லாருமாகப் பேசி மதியத்துக்கு மாற்ற வைத்தோம். முதலாளி காரணம் கேட்டபோது ஏதோ உளறினோம். மேடம் இல்லாத பந்தியில் எங்களுக்குச் சோறு இறங்காது என்பதை எப்படிச் சொல்வது?