பஞ்சலிங்கத்தாரும் நிறுத்தாத கார்களும்

வாகனச் சத்தத்தை அவ்வளவு திட்டியவரும் நல்லூரில் இல்லை. அதை அவ்வளவு நம்பி வாழ்ந்தவரும் இல்லை. பஞ்சலிங்கத்தார் இரண்டையும் ஒரே சாய்மனைக் கதிரையில் படுத்தபடி செய்தார்.

மனைவி குணலட்சுமிக்குச் சீதனமாக வந்த வீடு சந்தியில் மூன்று மாடி. கீழே புடவைக்கடை, நடுவில் ரியூசன் வகுப்பு, உச்சியில் இவர்கள். வாசலுக்கு நேரே வாடகைக் கார்கள் நிற்குமிடம். யுத்தகாலத் தடையால் பெற்றோல் கண்ணில் படாத காலம் அது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் இஞ்சினை எழுப்ப மட்டும் நாலு துளி பெற்றோல் வேண்டும். அந்த நாலு துளிக்குப் பயந்து, ஒரு தடவை எழுப்பிய காரைச் சாரதிகள் நிறுத்துவதே இல்லை. ஆள் சேரும்வரை அது நின்ற இடத்திலேயே ஒரு மணித்தியாலமானாலும் இருமிக்கொண்டு நிற்கும். ஆறு கார் சேர்ந்து இருமினால் மேல்மாடி அலுமாரியில் போத்தல்கள் ஆடும்.

மின்சாரமும் இல்லை. ஆகவே தண்ணீர் மோட்டரும் ஓடாது. கிணற்றடியிலிருந்து முப்பத்தெட்டுப் படி தூக்கி வந்தால்தான் வீட்டில் தண்ணீர். குணலட்சுமி கீழே நின்று அள்ளுவாள். அள்ளிவிட்டு அண்ணாந்து கூப்பிடுவாள்.

"இஞ்சருங்கோ! வாளி நிரம்பிப் போச்சு! வந்து தூக்குங்கோ!"

பதில் வராது. அவளே மூச்சு வாங்க ஏறி வந்தால், கணவர் பேப்பரை விலக்கிப் பச்சைக் குழந்தை மாதிரிப் பார்ப்பார்.

"கூப்பிட்டனீரே?"

"தொண்டை கிழியக் கூப்பிட்டனான்."

"உந்த அறுவாரின்ரை கார்ச் சத்தத்திலை ஒண்டும் கேக்கேல்லையப்பா. நான் என்ன செய்ய?"

"நேற்றுச் சாப்பாடு போட்டாச்சு எண்டு சொன்னது மட்டும் கேட்டுதே?"

"அது... அந்த நேரம் எல்லாக் காரும் ஆக்களை ஏத்திக்கொண்டு போட்டுது. பொறும், உந்தச் சத்தத்துக்கு ஒரு முடிவு கட்டுறன்!"

முடிவு கட்டத் தொடங்கியும் விட்டார். கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் கடிதம் எழுதியே பென்சன் வாங்கியவர் அல்லவா! கார்ச் சங்கத் தலைவர் தில்லைநாதனுக்கு ஐந்து பக்கத்தில் ஒரு பெட்டிசம். 'செவியும் சித்தமும் ஒருங்கே சிதைந்து, நடைப்பிணமாய் வாழும் நான்' என்று ஆரம்பம். அதைப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். திருத்தினார். மறுபடி வாசித்தார். பிறகு மெத்தைக்குக் கீழே வைத்துவிட்டார். அனுப்பும் எண்ணம் அவருக்கு அறவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை தில்லைநாதன் படியேறி வந்தார். கையில் அந்தப் பெட்டிசம்.

"மன்னிக்கோணும் ஐயா. உங்களுக்கு இவ்வளவு வருத்தம் எண்டு எங்களுக்குத் தெரியாமல் போச்சு. குணலட்சுமி அக்காதான் கொண்டந்து தந்தவ. வாசிக்க எனக்குக் கண்ணீரே வந்திட்டுது."

பஞ்சலிங்கத்தாருக்கும் வந்தது. "அவசரமில்லைத் தம்பி... ஆறுதலாய்ப் பாக்கலாம்..."

"இல்லை ஐயா! காரெல்லாத்தையும் இண்டைக்கே கோயிலுக்கு அங்காலை மாத்தியாச்சு!"

அவர் போய்ப் பத்து நிமிடமில்லை. சந்தி முழுவதும் நிசப்தம். கிணற்றடியிலிருந்து ஒரு குரல், மணிமணியாக வந்தது.

"இஞ்சருங்கோ!"

அன்றைக்கு மட்டும் பதினாலு வாளி. ஒரு மாதத்தில் பஞ்சலிங்கத்தாரின் வேட்டி இரண்டு சுற்று அதிகம் சுற்ற வேண்டியதாயிற்று. கோபம் தலைக்கேற, மூலையில் இருந்து கார்ச் சங்கத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினார். எழுத்து பிடிபடாமலிருக்க இடது கையால். 'கோயில் தாண்டி நடக்க இயலாத வயோதிபர்கள் சார்பில்' கார்களைப் பழைய இடத்துக்கே கொண்டுவரும்படி மன்றாட்டம்.

அடுத்த கிழமையே தில்லைநாதன் திரும்ப வந்தார்.

"ஐயா, வயசுபோன சனம் நடக்கேலாமல் கஷ்டப்படுதாம். கடிதம் வந்திருக்கு. காரெல்லாம் நாளைக்கு இஞ்சையே வரப்போகுது. நீங்கள் கோவிக்கக்கூடாது."

பஞ்சலிங்கத்தார் பொங்கிய சந்தோசத்தை ஒரு பெருமூச்சுக்குள் அமுக்கினார். "பொதுசனத்துக்காக நான் எதையும் பொறுப்பன் தம்பி."

குணலட்சுமி கடிதத்தை வாங்கி ஆற அமர வாசித்தாள்.

"எழுத்துத்தான் கோணல். தமிழ் எங்கடை வீட்டுத் தமிழ் மாதிரி வடிவாயிருக்கு," என்றாள். பிறகு தில்லைநாதனிடம் திரும்பினாள். "தம்பி, வயசாளியளும் பாவம், இவரும் பாவம். கார் இஞ்சையே நிக்கட்டும். ஆனால் நிக்கேக்கை இஞ்சினை நிப்பாட்டிப் போடுங்கோ."

"திருப்பி ஸ்ராட் பண்ணப் பெற்றோலுக்கு எங்கை போறது அக்கா?"

"தள்ளி ஸ்ராட் பண்ணேலாதே?"

"சூடாற முந்தித் தள்ளினால் பிடிக்குந்தான். தள்ள ஆளெல்லோ வேணும்?"

குணலட்சுமி சாய்மனைக் கதிரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆள் இஞ்சை இருக்கு. ஒன்பது மணிக்குத் தண்ணி தூக்கி முடிஞ்சிடும். அதுக்குப் பிறகு கீழை நிண்டு ஒருக்கால் கூப்பிடுங்கோ, போதும். இப்ப இவருக்குக் காது நல்லாக் கேக்குது."