வெந்நீர்ச் சாமியாரும் ஒரு கம்பளியும்

விறகு இல்லை, கேஸ் இல்லை, கரண்ட் இல்லை. குழாயைத் திருகினால் ஆவி பறக்க வெந்நீர். எப்படி என்று கேட்டால் ‘சாமியின் தவச்சூடு’ என்றார்கள். அதற்குமேல் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

வெந்நீர்ச் சாமியார் செய்தது இவ்வளவுதான். கூடத்துச் சுவரில் இறங்கும் குழாயின்மேல் உள்ளங்கையை வைப்பார், கண்ணை மூடுவார், சீடன் குழாயைத் திறப்பான். ஒரு டம்ளர் குடித்தால் சகல நோயும் ஓடிவிடுமாம். தெருமுனை வரை வரிசை. மாத்திரை விற்றே வீடு கட்டிய மருந்துக்கடைக்காரர்கூட டம்ளரும் கையுமாக நின்றார். தன் கடைச் சரக்கின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

வரிசையில் முதல் ஆள், பக்கத்து வீட்டுச் சலவைக்கடைக்காரியின் மாமியார். நின்றதோடு விட்டாரா? மருந்தும் அருளும் ஒரே வயிற்றில் தங்காது என்று சாமி சொன்னதால் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். படி ஏறினால் தலை சுற்றியது. கேட்டால், “நோய் வெளியேறுதுடி” என்றார்.

சலவைக்கடைக்காரி மாத்திரையை நீட்டிப் பார்த்தாள், மாமியார் தட்டிவிட்டார். இருவரும் எலியும் பூனையும்தான். ஆனால் சண்டை போடவாவது அந்த மாமியார் அவளுக்கு வேண்டும்.

அவளுக்குச் சாஸ்திரம் தெரியாது, ஈரத்துணி தெரியும். தன் மொட்டைமாடியில் துணி காயாத நாளெல்லாம் சாமிக்கு மௌனவிரதம் என்பதைக் கவனித்தாள். துணி மொறுமொறுவென்று காய்ந்தால் அற்புதம் அமோகம். மேகத்துக்கும் விரதத்துக்கும் என்ன உறவு? கைப்பிடிச் சுவர்மேல் ஏறி எட்டிப் பார்த்தாள். சாமியின் மாடியில், யாரும் ஏறக்கூடாத ‘தவமேடை’யில் நாலு பக்கமும் திரை. மேலே மட்டும் திறந்த வானம். நடுவில் கண்ணாடி மூடிய பெட்டி, அதற்குள் சுருட்டிய கறுப்புக் குழாய். தொட்டித் தண்ணீர் அதில் நுழைந்து, கூடத்துக்கு இறங்கியது.

“அட, இவ்வளவுதானா” என்றாள்.

அன்றே கணவனை வேலை வாங்கினாள். உடைந்த கட்டில் பலகையில் பெட்டி, பழைய ஜன்னல் கண்ணாடியில் மூடி. சூடு தங்க அடியில் கிழிந்த போர்வைகளைத் திணித்து, மேலே தகரம் விரித்து, தோட்டத்து ஹோஸைச் சுருட்டிக் கட்டினார்கள். கண்ணாடி தவிர எல்லாவற்றுக்கும் கறுப்பு பெயின்ட். கணவன் மூக்குக்கும்தான். இணைப்பில் கொஞ்சம் ஒழுகியது, போகட்டும் என்று விட்டார்கள். மறுநாள் உச்சிவெயிலில் ஒரு பக்கெட் பிடித்து மாமியார் முன்னால் வைத்தாள்.

“தொட்டுப் பாருங்க அத்தை. நானும் உங்க பிள்ளையும் செஞ்சது. தவமெல்லாம் இல்ல. உங்க பிள்ளை இன்னும் பல்லுகூட விளக்கல.”

மாமியார் விரலை விட்டார், சுட்டது, வெடுக்கென்று எடுத்தார். கண் கலங்கிவிட்டது. “சாமியோட சக்தி சுவர் தாண்டி நம்ம வீட்டுக்கும் வந்துடுச்சுடி.”

சலவைக்கடைக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த நாளும் வானத்தில் பொட்டு மேகமில்லை. ஓட்டலிலிருந்து வெளுக்க வந்திருந்த தடித்த கம்பளி ஒன்றை எடுத்தாள். விடிந்ததுமே சுவர் தாண்டிப் போய்ச் சாமியின் பெட்டியை இழுத்துப் போர்த்தினாள். பிறகு நல்ல பிள்ளையாக மாமியாரோடு வரிசையில் நின்றாள்.

சாமி கண்ணை மூடினார். சீடன் குழாயைத் திறந்தான். பச்சைத் தண்ணீர்.

“பக்தியில்லாத ஆள் யாரோ உள்ள இருக்கான்” என்றார் சாமி.

சிரித்தவனை வெளியே அனுப்பினார்கள். பச்சைத் தண்ணீர். சிரிக்காதவனையும் அனுப்பிப் பார்த்தார்கள். தண்ணீர் மசிவதாக இல்லை.

“பக்தியில்லாத ஆள் நான்தான் சாமி” என்றாள் சலவைக்கடைக்காரி. “உங்க தவத்தை மூடி வச்சிருக்கேன். எல்லாரும் எங்க மாடிக்கு வாங்க, காட்டறேன்.”

கூட்டம் மாடி ஏறியது. சாமியும் பதறியடித்துத் தன் மாடிக்கு ஓடினார். அவள் எட்டித் திரையை விலக்கிக் கம்பளியை உருவினாள். பெட்டி பளபளத்தது. இந்த மாடியிலும் அதே மாதிரி பெட்டி. மூச்சு வாங்க ஏறி வந்த மாமியார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுவரோரம் போய்க் கேட்டார்.

“சாமி, சூடு உங்க உடம்புலதானே இருக்கு? பெட்டியைப் போர்த்தினா தண்ணி ஏன் ஆறுது?”

சாமிக்கு உடனே மௌனவிரதம் வந்துவிட்டது. அவ்வளவு வெயிலில் அவர் விரதம் இருந்தது அன்றுதான். பொழுது சாய்வதற்குள் திரையோடு ஆளையும் காணோம்.

மாமியார் மாத்திரையை விழுங்கிவிட்டு மருமகளை முறைத்தார். “நம்ம பெட்டி ஒழுகுது. உன் புருஷன்கிட்ட சொல்லிச் சரி பண்ணு. நான் குளிக்கணும்.” சலவைக்கடைக்காரிக்கு அந்த அதட்டல் தேனாக இருந்தது.

வாசலில் மருந்துக்கடைக்காரர், பின்னால் பத்துப் பேர்.

“அம்மா, சாமியார் சக்தியையே அடக்கின கம்பளியாச்சே. ஆளுக்கு ஒரு துண்டு வெட்டிக் குடுத்தா, வீட்டுல வச்சுக் கும்பிடுவோம்.”

அவள் கம்பளியை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“பெட்டி மேல கம்பளி போட்டது நான். உங்க மூளை மேல போட்டது யாரு? முதல்ல அதை உருவிட்டு, கொஞ்ச நாள் வெயில்ல வைங்க. சூடு தானா ஏறும்.”